பப்பாளியைக் காத்த சின்னஞ்சிறு குளவி

நம் பக்கத்தில் பப்பாளி மரம் இல்லாத ஊர் கிடையாது. கிணற்றடியிலும் வாய்க்கால் கரையிலும் வீட்டுக் கொல்லையிலும், யாரும் நடாமலே முளைத்து, யாரும் உரமிடாமலே காய்த்து நிற்கும். பறவை கொத்திப் போட்ட விதை ஒன்று போதும். பழத்தை அறுத்துத் தின்கிறோம். காயைக் கூட்டு வைக்கிறோம். கறி எளிதில் வேகவேண்டுமானால் பச்சைக் காயில் ஒரு துண்டு நறுக்கிப் போடுகிறார்கள் நம் பாட்டிமார். கண்ணொளிக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்து அதில் நிறைய உண்டு. ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் ஒன்றுபோல் விளங்கும் பழம் அது.

இத்தனை நெருங்கிப் பழகிவிட்ட மரத்தை அயல்நாட்டு மரம் என்று நாம் எண்ணுவதே இல்லை. ஆயினும் அதன் பிறந்தகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும்தான். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரின் கப்பல்களில் விதையாக வந்து இறங்கியது. விதையாக வரும் பயிருக்கு ஒரு வசதி உண்டு. பிறந்த மண்ணில் அதன் இலையையும் தண்டையும் உறிஞ்சிய பூச்சிகள் விதையோடு கப்பல் ஏறுவதில்லை. ஆகவே 400 ஆண்டுக் காலம் பப்பாளி அந்தப் பழைய பகையை மறந்து நம்மிடையே வாழ்ந்தது.

2008-இல் அந்தப் பகை வந்து சேர்ந்தது. 2010-இல் அந்தப் பகையின் பகையும் வந்து சேர்ந்தது. மரம், மரத்தின் பகை, பகையின் பகை ஆகிய மூன்றும் ஒரே மண்ணில் பிறந்தவை. அவை மூன்றும் நம் தமிழ்நாட்டில் மீண்டும் சந்தித்த வரலாற்றையே இக்கட்டுரையில் சொல்லப் போகிறோம்.

வந்தது யார்?

வந்தவரின் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. அறிவியலார் இட்ட பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். வளர்ந்த பெண் பூச்சியின் நீளம் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. உடல் மஞ்சள் நிறம். ஆனால் அந்த மஞ்சளை நாம் பார்ப்பது அரிது. உடல் முழுவதும் வெண்மையான மெழுகுப் பொடியைப் போர்த்துக்கொண்டிருக்கும். கூட்டமாக ஒட்டியிருக்கும்போது, அரிசி மாவை யாரோ கைதவறிக் கொட்டிவிட்டதைப் போலவே தோன்றும். மாவுப்பூச்சி என்ற பெயர் அதனால்தான் வந்தது.

பெண் பூச்சிக்குச் சிறகு இல்லை. இறுதிவரை செடியில் ஒட்டியே வாழும். ஆண் பூச்சிக்கு ஓரிணைச் சிறகு உண்டு; ஆனால் உண்பதற்கு வாய் இல்லை. சில நாளே உயிர்வாழ்ந்து மறைந்துவிடும். பெண் பூச்சி பஞ்சு போன்ற ஒரு பையைப் பின்னி, அதனுள் 150 முதல் 600 வரை முட்டை இடுகிறது. ஏறத்தாழப் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் ஊர்ந்து வெளிவருகின்றன. வெப்பமான நாட்களில் ஒரு மாதத்துக்குள் அவையும் தாயாகிவிடுகின்றன.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு தாய் 200 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி பெண் என்றால் 100 பெண் பூச்சிகள். மாதம் ஒரு தலைமுறை. இரண்டாம் மாதம் 10,000. மூன்றாம் மாதம் 10 லட்சம். எல்லாமே பிழைத்திருந்தால், ஆறாம் மாதம் ஒரு லட்சம் கோடி! இயற்கையில் எல்லாமே பிழைப்பதில்லை. காற்றிலும் மழையிலும் பசியிலும் பெரும்பகுதி அழிந்துபோகும்; மற்றப் பூச்சிகள் தின்பதும் உண்டு. அப்படித் தின்பவர் யாரும் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே நமக்குச் சொல்லிவிடுகிறது.

செய்யும் கேடு என்ன?

மாவுப்பூச்சி இலையைக் கடித்துத் தின்பதில்லை. ஊசி போன்ற வாயை இலைக்குள்ளும் தண்டுக்குள்ளும் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. சாறு போனதும் இலை மஞ்சளாகிச் சுருங்கி உதிர்கிறது. குருத்து வளைந்து நின்றுபோகிறது. பூவும் பிஞ்சும் கொட்டுகின்றன. முற்றிய காயின் மேல் வெள்ளைப் படலம் ஏறிவிட்டால் அதைச் சந்தையில் யாரும் வாங்குவதில்லை. தாக்குதல் மிகுந்தால் மரமே பட்டுப்போகிறது.

இன்னொரு கேடும் உண்டு. உறிஞ்சிய சாற்றில் தனக்கு வேண்டாத இனிப்பைத் தேன்போன்ற துளிகளாக இப்பூச்சி வெளிவிடுகிறது. அந்தத் துளி விழுந்த இலையெல்லாம் பிசுபிசுக்கிறது. அதன்மேல் கரும்பூஞ்சாணம் படர்ந்து, இலை கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறது. வெயில் படாத இலை உணவு சமைப்பது எப்படி? இனிப்பைத் தேடி எறும்புகளும் வரிசையாக வருகின்றன. ஆயர் ஆநிரையைக் காப்பதுபோல எறும்புகள் மாவுப்பூச்சியைக் காக்கின்றன. அதைத் தின்னவரும் பூச்சிகளை விரட்டுகின்றன. பப்பாளித் தண்டில் எறும்புச் சாரை ஏறி இறங்குவதைக் கண்டால் மேலே என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பது நல்லது.

பெயர்தான் பப்பாளி மாவுப்பூச்சி. உண்பது பப்பாளி மட்டும் அன்று. மல்பெரி, மரவள்ளி, கொய்யா, பருத்தி, கத்தரி, செம்பருத்தி, தேக்கு, காட்டாமணக்கு என்று 60-க்கும் மேற்பட்ட செடிகளில் வாழும். சாலையோரத்துப் பார்த்தீனியத்திலும் துத்தியிலும்கூட ஒட்டிக்கொள்ளும். தோட்டத்தில் ஒழித்தாலும் வேலியோரத்திலிருந்து திரும்பி வந்துவிடும்.

எப்படி வந்தது?

இப்பூச்சியின் மாதிரிகள் 1955-இலேயே மெக்சிகோவில் சேகரிக்கப்பட்டிருந்தன. ஆயினும் 1992-இல்தான் அதற்கு அறிவியல் முறைப்படி பெயர் சூட்டினார்கள். காரணம் எளியது. பிறந்த நாட்டில் அது யாருக்கும் பெருந்தொல்லை கொடுக்கவில்லை. தொல்லை கொடுக்காதவரை யார் கவனிப்பார்கள்?

1990-களில் அது கரீபியத் தீவுகளில் பரவியது. 1998-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் காணப்பட்டது. பின்பு பசிபிக் கடலைத் தாண்டி 2002-இல் குவாம் தீவிலும், 2003-இல் பலாவிலும், 2004-இல் ஹவாயிலும் தோன்றியது. 2008-இல் இந்தோனேசியாவின் ஜாவா, இலங்கையின் கொழும்பு, கம்பகா பகுதிகள், நம் கோயம்புத்தூர் என ஒரே ஆண்டில் மூன்று நாடுகளில் கால்வைத்தது.

சிறகில்லாத பூச்சி கடல் கடந்தது எப்படி? அதை ஏற்றிக்கொண்டு போனவர்கள் மனிதர்களே. பழத்தின் காம்படியிலும், அழகுச் செடியின் இலை மடிப்பிலும், மரவள்ளிக் கரணையின் கணுவிலும் ஒட்டியிருந்த சில குஞ்சுகள் போதும். ஊருக்குள் வந்தபின் காற்று தூக்கிச் செல்கிறது. எறும்பு சுமந்து செல்கிறது. உடையிலும் கூடையிலும் வண்டியிலும் ஒட்டிக்கொண்டு தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறது.

கோயம்புத்தூரில் காணப்பட்ட இந்த மாவுப்பூச்சி இன்னதென்று உலகுக்கு அறிவித்தவர்களுள் முதன்மையானவர் முனியப்பன் என்னும் பூச்சியியல் அறிஞர். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புத் திட்டத்தை நடத்தியவர் அவர். இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் ஒரே பூச்சிதான் நுழைந்துள்ளது என்று அவரும் அவருடைய குழுவினரும் 2008-இல் கண்டறிந்து எழுதினார்கள். பகைவனின் பெயர் தெரிந்துவிட்டது. பெயர் தெரிந்தால்தான் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால்தான் அங்கே அவனை அடக்கி வைத்திருந்தவர் யார் என்றும் தேடமுடியும். செடி, பூச்சி இவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்வது வீண்வேலை என்று நினைக்கும் தோழியர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

மருந்தடித்தும் மாளவில்லை

2008-இலிருந்து 2010 வரை கொங்கு நாட்டு உழவர்கள் பட்ட துன்பம் பெரிது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் பழத்துக்காகவும், மருந்துக்கும் ஆலைகளுக்கும் பயன்படும் பப்பாளிப் பாலுக்காகவும் ஏக்கர் கணக்கில் பப்பாளி பயிரிட்டிருந்தார்கள். தோட்டங்கள் வெளுத்துப் போயின. பலர் மரங்களை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் கொல்லைகளுக்கும் பூச்சி பரவியது.

முதலில் எல்லோரும் நாடியது பூச்சிமருந்தைத்தான். கடும் நஞ்சுகளை மாறி மாறித் தெளித்தார்கள். சில நாள் குறைந்தது, மறுபடியும் பெருகியது. ஏன்? மெழுகுப் போர்வையின் மேல் விழுந்த மருந்து மழைக்கோட்டின் மேல் விழுந்த தண்ணீரைப்போல் வழிந்தோடியது. முட்டைகள் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருந்தன. குருத்தின் மடிப்பிலும் இலையின் அடிப்புறத்திலும் இருந்தவற்றை மருந்து எட்டவே இல்லை. வேலியோரத்துக் களைகளுக்கு யார் மருந்தடிப்பார்கள்?

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. மாவுப்பூச்சியைத் தின்னக்கூடிய நண்பர்கள் சிலர் நம் நாட்டிலேயே இருந்தார்கள். பொறிவண்டுகள் இருந்தன. ஸ்பால்ஜிஸ் என்ற ஒரு சிறு பட்டாம்பூச்சியும் இருந்தது. பட்டாம்பூச்சியின் புழு இலை தின்னும் என்றே நாம் படித்திருக்கிறோம். இதன் புழுவோ மாவுப்பூச்சியைத் தின்னும். தின்ற பூச்சியின் வெண்பொடியையே தன்மேல் பூசிக்கொண்டு அவற்றின் நடுவே வாழும். அதன் கூட்டுப்புழு பார்ப்பதற்கு அச்சாக ஒரு குரங்கின் முகம்போல் இருக்கும். இந்த நண்பர்களால் மட்டும் பெருகிவந்த படையை அடக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் தெளித்த நஞ்சு, போர்வை இல்லாத இந்த நண்பர்களைத்தான் முதலில் கொன்றது.

மல்பெரி பயிரிட்டவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. மல்பெரி இலைதான் பட்டுப்புழுவின் ஒரே உணவு. இலையில் நஞ்சு இருந்தால் புழுக்கள் கூடுகட்டும் முன்பே சாகும். மருந்தடித்தால் புழு போகும். அடிக்காவிட்டால் இலை போகும். பட்டு வளர்ப்பில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களின் உழைப்பு. இலை பறிப்பதும், தட்டுகளில் பரப்புவதும், இரவிலும் எழுந்து உணவிடுவதும் பெரும்பாலும் அவர்கள்தாம். மாதந்தோறும் கூடு விற்றுவரும் பணத்தில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பும் எரிகிறது, பிள்ளைகளின் படிப்பும் நடக்கிறது. இலை இல்லை என்றால் கூடும் இல்லை. கூடு இல்லை என்றால் கையில் காசும் இல்லை.

பழைய பாடம் ஒன்று

பிறந்த நாட்டில் அடங்கிக் கிடந்த பூச்சி புகுந்த நாட்டில் ஏன் ஆடுகிறது? அங்கே அதை அடக்கிய எதிரி இங்கே இல்லை. அப்படியானால் எதிரியையும் அழைத்துவந்தால் என்ன? இந்த எண்ணம் புதியதன்று.

ஆஸ்திரேலியாவிலிருந்து போன பஞ்சுச் செதில்பூச்சி ஒன்று 1880-களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பாழாக்கிக் கொண்டிருந்தது. 1888-இல் ஆல்பர்ட் கோபெலே என்பவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே அந்தப் பூச்சியைத் தின்னும் சிவப்புப் பொறிவண்டு ஒன்றைக் கண்டு கப்பலில் அனுப்பிவைத்தார். முதலில் போய்ச் சேர்ந்தவை 129 வண்டுகளே. 1889 முடிவதற்குள் தோட்டங்கள் மீண்டன. அதே செதில்பூச்சி பின்னாளில் நம் நீலகிரியின் வாட்டில் மரங்களில் தோன்றியபோது, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே வண்டை வரவழைத்தே அதையும் அடக்கினார்கள்.

பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இந்த வழியைத்தான் அமெரிக்க வேளாண் துறையினர் 1999-இல் தொடங்கினார்கள். மெக்சிகோவில் மாவுப்பூச்சியைத் தேடிப்போய், அதன் உடலில் வளரும் சிறு குளவிகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றைப் போர்ட்டோ ரிக்கோ தீவில் வளர்த்துப் பெருக்கிப் பல தீவுகளில் விட்டார்கள். போர்ட்டோ ரிக்கோவிலும் டொமினிக்கன் குடியரசிலும் மாவுப்பூச்சி 97 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

குளவியின் வேலை

அக்குளவிகளுள் நமக்குப் பெரிதும் கைகொடுத்தது அசிரோபேகஸ் பப்பாயே. குளவி என்றதும் கொட்டுமே என்று அஞ்சவேண்டாம். இதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எழுத்தின்மேல் நாம் வைக்கும் புள்ளி அளவே இருக்கும். மனிதரைக் கொட்ட அதற்குத் தெரியாது.

பெண் குளவி மாவுப்பூச்சியைத் தேடிச்சென்று, குஞ்சுப் பருவத்தில் உள்ள பூச்சியின் உடலுக்குள் தன் முட்டையைச் செலுத்துகிறது. முட்டை பொரிந்ததும் குளவிப் புழு அப்பூச்சியின் உள்ளுறுப்புகளையே தின்று வளர்கிறது. முடிவில் மாவுப்பூச்சி இறந்து, தோல் தடித்து, ஊதிய கூடாக நிற்கிறது. அந்தக் கூட்டில் வட்டமான துளை ஒன்றைக் கடித்துத் திறந்துகொண்டு புதிய குளவி வெளியே பறக்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் இத்தனையும் முடிந்துவிடும். மாவுப்பூச்சி தலைமுறை காண்பதற்குள் குளவி தலைமுறை கண்டுவிடுகிறது. நஞ்சு எட்டாத இலை மடிப்பையும் வேலியோரத்துக் களையையும் இது தானே தேடிக் கண்டுபிடிக்கும். கூலி கேட்பதில்லை, ஓய்வு நாளும் இல்லை.

2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. வந்தவுடன் வெளியே விட்டுவிடவில்லை. அடைப்பான அறையில் வைத்து, நம் நாட்டு நல்ல பூச்சிகளுக்கு இவற்றால் கேடு வருமா என்று சோதித்த பிறகே மேற்சென்றார்கள். பின்பு பெருக்கவேண்டும். குளவி வளர மாவுப்பூச்சி வேண்டும். மாவுப்பூச்சி வளரச் செடி வேண்டும். அதற்கு அவர்கள் கையாண்ட வழி நம் சமையலறையில் உள்ளதுதான். உருளைக்கிழங்கை முளைகட்ட வைத்து, அந்த முளைகளில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவிகளை விட்டுப் பெருக்கினார்கள்.

2010 அக்டோபரில் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகத் தோட்டங்களில் குளவியை விடும் பணி தொடங்கியது. பிற மாவட்டங்களிலும், மல்பெரிக் கொல்லைகளிலும், பின்பு பிற மாநிலங்களிலும் அது தொடர்ந்தது. உழவர்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: குளவி விட்ட தோட்டத்தில் மருந்தடிக்கக் கூடாது.

இதைக் கேட்பது எளிது, செய்வது கடினம். கண்முன்னே பயிர் வெளுத்துக் கொண்டிருக்கும்போது, தெரிந்த மருந்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியை நம்பிச் சில மாதம் காத்திருக்க எவ்வளவு மன உறுதி வேண்டும்! பலர் காத்திருந்தார்கள். 2011-இல் பெரும்பாலான இடங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. பிடுங்கி எறிந்த தோட்டங்களில் மீண்டும் பப்பாளி நட்டார்கள். மல்பெரி தழைத்தது. இப்பணியால் ஐந்து ஆண்டுகளில் நாட்டுக்குக் கிடைத்த பயன் 50 கோடி டாலருக்கும் மேல் என்று 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

மாவுப்பூச்சி அடியோடு அழிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. இன்றும் அங்கங்கே ஓரிரண்டு மரங்களில் காணலாம். அது முற்றும் அழிந்தால் குளவியும் பட்டினியால் அழியும். இரண்டும் சிறுதொகையாக வாழ்ந்துகொண்டிருப்பதே நமக்குக் காப்பு.

அயல்நாட்டு உயிரை அழைப்பது ஆபத்தில்லையா?

இக்கேள்வி நம்முள் பலருக்கு எழுந்திருக்கும். நியாயமான கேள்விதான். ஒரு பூச்சி வந்து செய்த கேட்டைப் பார்த்தபின் இன்னொன்றையும் அழைப்பானேன்?

ஆஸ்திரேலியாவில் 1935-இல் கரும்பைத் தின்ற வண்டுகளை ஒழிக்க ஹவாய்த் தீவிலிருந்து ஏறத்தாழ நூறு பெருந்தேரைகளைக் கொண்டுவந்து வளர்த்துக் கரும்புக் காடுகளில் விட்டார்கள். வண்டு கரும்பின் உச்சியில் இருந்தது. தேரை தரையில் இருந்தது. எட்டாத வண்டை விட்டுவிட்டு, எட்டியதையெல்லாம் தேரை தின்றது. அதன் தோலில் நஞ்சு இருப்பதால் அதைத் தின்ற உள்நாட்டு உயிர்களும் மாண்டன. இன்று தேரைகள் கோடிக்கணக்கில் பெருகி அந்நாட்டுக்கே சுமையாகிவிட்டன.

தேரைக்கும் குளவிக்கும் வேறுபாடு என்ன? தேரை எதையும் தின்னும். குளவியோ இந்த ஒரு மாவுப்பூச்சியை நம்பியே வாழ்வது. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல அது பொருந்தியிருக்கிறது. ஆகையால், அழைக்கும் உயிர் எதை மட்டும் உண்ணும் என்பதைப் பலவாறு சோதித்த பிறகே திறந்துவிட வேண்டும். அதற்குச் சட்டமும் உண்டு. அதற்கென்றே நிலையங்களும் உண்டு. தனியாள் எவரும் தாமாக எந்த உயிரையும் கொண்டுவந்து விடலாகாது.

இன்னும் வருவோர்

பப்பாளி மாவுப்பூச்சியோடு கதை முடியவில்லை. 2016-இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ தோன்றியது. 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டுச் சேலம் பக்கம் பரவியது. இந்த மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் நுழைந்து கோடிக்கணக்கான மக்களின் உணவைப் பறிக்க இருந்தது. 1981-இல் பராகுவே நாட்டில் கண்ட ஒரு குளவிதான் அம்மக்களைக் காத்தது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து 2022-இல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள். ஆப்பிரிக்க உழவர்களைக் காத்த அந்த உயிர் இன்று நம் உழவர்களுக்கும் துணை நிற்கிறது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய அறிஞர்கள் செய்யவேண்டியதை அவர்கள் செய்கிறார்கள். மாணவியராகிய நம்மாலும், நம் பெற்றோராலும் ஆகக்கூடியவை சில உண்டு.

வாரம் ஒருமுறை கொல்லையில் உள்ள பப்பாளி, செம்பருத்தி, கொய்யா இவற்றின் இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும். நரம்போரத்தில் வெண்பொடி தெரிந்தால் தொடக்கத்திலேயே கிள்ளி எடுத்து, தெருவில் எறியாமல் எரித்துவிட வேண்டும்.

கொஞ்சமே இருந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பூச்சி உதிரும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கலாம். கடைக்காரர் சொன்னார் என்று கடும் நஞ்சை வாங்கித் தெளிப்பது நண்பர்களையே கொல்வதாகும்.

மரத்தில் எறும்புச் சாரை ஏறினால் அதன் புற்றைக் கண்டுபிடித்து அகற்றவேண்டும். சுவரோரத்துப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை அணிந்து பிடுங்கவேண்டும்.

செடியில் ஊதிய கூடுகளும் அவற்றில் வட்டத் துளைகளும் கண்டால் மகிழவேண்டும். குளவி அங்கே வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த இலையை எரிக்கக் கூடாது.

விடுமுறைக்கு வெளியூரோ வெளிநாடோ சென்று திரும்புகையில் ஆசைக்காகச் செடியோ கரணையோ பழமோ மறைத்துக் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் சோதனை செய்கிறவர்கள் நம்மை வருத்துவதற்காக நிற்கவில்லை. ஒரு தண்டில் ஒட்டியிருந்த சில குஞ்சுகள் எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்தன என்பதை இப்போது நாம் அறிவோம்.

தோழியரே! பூச்சி என்றதும் செருப்பைத் தேடுகிறோம், அல்லது மருந்தைத் தேடுகிறோம். இனிமேல் அதன் பெயரையும் ஊரையும் தேடிப் பார்ப்போம். அது எதைத் தின்கிறது, அதை எது தின்கிறது என்று கேட்போம். புள்ளியளவு குளவி ஒன்று ஒரு நாட்டின் தோட்டங்களைக் காத்ததென்றால், அதற்கு முன்பு அந்தப் புள்ளியைப் பொறுமையோடு உற்றுப் பார்த்த கண்கள் இருந்தன. அத்தகைய கண்கள் நம் வகுப்பறைகளிலும் உண்டு. நாளை காலை தோட்டத்தில் ஓர் இலையைத் திருப்பிப் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம்.